கட்டுச்சோறும் கைப்பிடி உப்பும்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன பெரும் பெயர்களும் பெரும் நாள்களுமே. கொடி ஏறிய நாள், உடன்படிக்கை கையெழுத்தான நாள், தலைவர் சிறை புகுந்த நாள் என்று நாம் பள்ளிப் பருவத்தில் மனனம் செய்த தேதிகள் பல. ஆனால் ஒரு நாட்டின் விடுதலை அத்தேதிகளில் மட்டும் விளைந்ததன்று. ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் இடையே கிடக்கும் சாதாரண நாள்களில், யாரோ ஒருவர் சோறு வடித்தார். யாரோ ஒருவர் கதவைத் திறந்தார். யாரோ ஒருவர் தம் தொழிற்கருவியைக் கீழே வைத்து ‘மாட்டேன்’ என்றார். அந்நாள்களைக் கூட்டிப் பார்த்தால்தான் விடுதலை என்னும் தொகை நேராகும்.

அவ்வாறு கூட்டிப் பார்ப்பதற்குரிய பதினெட்டு நாள்கள் நம் காவிரிக் கரையிலேயே உள்ளன. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 தொடங்கி ஏப்ரல் 30 முடிய, திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் வரை நடந்த உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தின் நாள்கள் அவை. பாரதப் போரும் பதினெட்டு நாள் என்பர். அப்போரில் அம்பும் வேலும் பேசின. இங்கோ, கட்டுச்சோறும் கைப்பிடி உப்பும் பேசின.

உப்பும் வரியும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. சங்க காலத்திலேயே உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டி பூட்டிக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிச் சென்றதை நம் பழம் பாடல்கள் காட்டுகின்றன. கடல் தருவதும், கதிரவன் காய்ச்சுவதும், உழைப்பவன் வாருவதும் ஆகிய இப்பொருளை ஆங்கில அரசு தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டப்படி, தன் குடிசை வாசலில் தானே படிந்து கிடக்கும் உப்பைக் கடற்கரைவாசி அள்ளினாலும் அது குற்றம். 1923இல் சட்டமன்றத்தின் எதிர்ப்பையும் மீறி வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் உப்பு வரியை இரட்டிப்பாக்கினார். மக்களின் கசப்பு கண்டு மறு ஆண்டே அது குறைக்கப்பட்டது எனினும், வரி நீங்கவில்லை.

இவ்வரியின் அநீதி அதன் அளவில் மட்டும் இல்லை. அது விழும் இடத்தில் உள்ளது. செல்வன் உண்ணும் உப்பும் கூலியாள் உண்ணும் உப்பும் ஏறத்தாழ ஒன்றே. வெயிலில் வேலை செய்து வியர்வை சிந்துகிறவனுக்கு, நிழலில் இருப்பவனைவிடச் சற்றுக் கூடுதலாகவே உப்பு வேண்டும். ஆகவே எவன் வருவாய் குறைவோ அவன் தோளில் இச்சுமை அதிகமாக அழுந்தியது. கஞ்சிக்கு வேறு ஒன்றும் துணை இல்லாத வீட்டிலும் ஒரு சிட்டிகை உப்பு இருந்தது. அச்சிட்டிகையிலும் அரசின் கை இருந்தது.

இங்கே நம் வாசகர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அக்காலத் திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் நாவில் குரு சிறிது உப்பை வைப்பது வழக்கம். ஞானத்தின் அடையாளமாகவும், அழிவினின்று காக்கப்படுவதன் அடையாளமாகவும் அது கருதப்பட்டது. நம் மூத்தோர் யாவரும் அந்த உப்பைச் சுவைத்தே திருச்சபைக்குள் வந்தனர். கடையில் வாங்கிய அந்த உப்பும் வரி செலுத்திய உப்பே. அருளடையாளத்தின் வாசல் வரையில் வந்து நின்ற வரி அது.

குருத்து ஞாயிறன்று ஒரு புறப்பாடு

1930 மார்ச் 12 அன்று காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து தொண்டர் குழுவொன்றுடன் புறப்பட்டு, 24 நாள்கள் நடந்து, ஏப்ரல் 5 அன்று தண்டிக் கடற்கரையை அடைந்தார். மறுநாள் காலை உப்பை அள்ளிச் சட்டத்தை மீறினார். அதன் எதிரொலியாகத் தமிழகத்தில் இராஜாஜி என நாம் அறிந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் ஒரு நடைப்பயணத்தை வகுத்தார். அவருக்கு அப்போது வயது 51, உடல்நலம் உரமானதன்று. திருச்சியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் ஏப்ரல் 13 விடியற்காலையில் அவர் புறப்பட்டார். செல்ல வேண்டிய தொலைவு ஏறத்தாழ 150 மைல். வேதாரணியத்தைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு: அங்கு உப்பளங்கள் இருந்தன, வேதரத்தினம் பிள்ளை என்ற உறுதியான தொண்டரும் இருந்தார்.

அந்நாள் தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன் வாலாபாகில் 1919இல் நிகழ்ந்த படுகொலையின் நினைவுநாளும் அதுவே. இவ்விரண்டையும் வரலாற்று நூல்கள் குறிப்பிடும். நாம் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் குறிக்க விரும்புகிறோம். அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 20 அன்று வந்தது. எனவே ஏப்ரல் 13 குருத்து ஞாயிறு.

அன்று காலை நம் முன்னோர் குருத்தோலை ஏந்திக் கோவிலைச் சுற்றிப் பவனி வந்திருப்பர். மத்தேயு எழுதிய பாடுகளின் வரலாறு இலத்தீன் மொழியில் வாசிக்கப்படுவதைக் கேட்டிருப்பர். அதே காலையில், காவிரியை ஒட்டிய சாலையில், கதர் உடுத்திய நூறு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தனர். அந்நடைக்கெனவே நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை எழுதிய பாடல் அவர்கள் நாவில் இருந்தது. ஆயுதம் ஏந்தாத ஒரு போரைப் பற்றிய பாடல் அது. ஆயுதமற்ற அரசர் ஒருவர் கழுதைமேல் ஏறி நகருக்குள் நுழைந்ததைக் கொண்டாடும் நாளில் அப்பாடல் ஒலித்தது தற்செயலே. எனினும் தற்செயல்களும் சிந்திப்பார்க்குப் பாடம் ஆகும். பிறருடைய தியாகத்தை நம்முடையதாகப் பெயர் மாற்றிக்கொள்வது முறையன்று. ஆயினும் அதன்முன் சற்று நின்று பார்ப்பது முறையே.

சோறிடுவது குற்றம்

தஞ்சை மாவட்ட ஆட்சித் தலைவராக அந்நாளில் இருந்தவர் ஜே. ஏ. தார்ன் என்னும் ஆங்கிலேயர், கூர்த்த மதியினர். நடப்பவரைச் சாலையில் அடித்துத் துரத்தினால் அவர்களுக்குப் பெருமை கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால் நடப்பவரை விட்டுவிட்டு, அவர்களுக்கு நிழல் தருபவரைக் குறிவைத்தார். சத்தியாகிரகிகளுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி ஆறு மாதச் சிறைக்கோ அபராதத்துக்கோ ஆளாவர் என்று அறிவிப்பு வெளியாயிற்று. செய்தித்தாளிலும் துண்டறிக்கையிலும் அது வந்தது. ஊர்தோறும் தண்டோராவும் போடப்பட்டது.

இவ்வாணையின் பொருளைச் சற்று நிதானித்து உணரவேண்டும். அது நடந்துவருபவனின் காலைக் கட்டவில்லை; இல்லறத்தானின் கையைக் கட்ட முயன்றது. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த மொழியினர் நாம். திண்ணை என்ற ஒன்றை வழிப்போக்கனுக்காகவே வீட்டின் முகப்பில் கட்டிய நாடு இது. இந்நாட்டில் பசித்து வருபவனுக்குச் சோறு போடாதே என்று அரசு சொன்னது. பசித்தோர்க்கு உணவும் அன்னியர்க்கு இடமும் அளித்தாயா என்ற கேள்வியே இறுதித் தீர்வையின் கேள்வி என்று நம் ஆண்டவர் கற்பித்துள்ளார். அவ்விரண்டு செயல்களும் தஞ்சை மாவட்டத்தில் அந்த ஏப்ரல் மாதத்தில் தண்டனைக்குரியவை ஆயின.

அஞ்சினோர் இல்லாமற் போகவில்லை. நிலமும் பதவியும் உடையோர்க்கு இழப்பதற்கு நிறைய இருந்தது. அவர்களை இன்று எளிதாகப் பழித்துவிடலாம். ஆனால் ஆறு மாதச் சிறை என்பது ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை நெஞ்சில் வைத்துப் பார்த்தால், பழிக்கும் நாக்கு சற்றுத் தயங்கும்.

ஆனால் மக்கள் வேறொரு வழியும் கண்டனர். சட்டம் ‘கொடுக்காதே’ என்றது. ‘வைக்காதே’ என்று சொல்லவில்லை போலும்! தொண்டர்கள் வரும் சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் எவர் என்று எவர்க்கும் தெரியாது. காவிரிக் கரையில் அவர்கள் இளைப்பாறும் இடங்களில், மணலுக்கடியில் பெரிய பாத்திரங்களில் உணவு புதைக்கப்பட்டிருந்தது. எங்கே தோண்டவேண்டும் என்பதற்கு அடையாளம் மட்டும் மேலே இருந்தது. காவலர் வந்து பார்த்தால் மரமும் மணலும்தான் சாட்சி.

அப்பொட்டலங்களைக் கட்டிய கைகள் யாருடையவை? எந்த ஏட்டிலும் அப்பெயர்கள் இல்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, சோறு வடித்து, ஆறவைத்து, இலையில் மடித்து, நாரால் கட்டி, இருள் விலகுமுன் சாலைக்குக் கொண்டுசேர்த்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளாகவே இருந்திருக்கும். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற போதனையை நாம் தர்மத்துக்குரிய தாழ்ச்சியாகவே விளக்கி வந்துள்ளோம். அக்கைகளோ, அதையே துணிவின் வடிவமாகவும் ஆக்கிக் காட்டின.

வெளிப்படையாகவே கதவைத் திறந்தவர்களும் இருந்தனர். கும்பகோணத்தில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பந்துலு ஐயர் தொண்டர்களை வரவேற்று உபசரித்தார். அதற்காக அவர் சிறை செல்ல நேர்ந்தது. திருத்துறைப்பூண்டியில் இராமச்சந்திர நாயுடு அவர்களுக்கு உணவளித்துக் கைதானார். மரத்தில் கட்டியவரும் வீட்டில் இட்டவரும் ஒரே செயலையே இரு வழிகளில் செய்தனர். ஒருவர் மறைவாகச் செய்தார். மற்றவர் அறிந்தே விலை கொடுத்தார். திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலும் இவ்விரு வகையினரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஒவ்வொரு நாளும் ஒரு பாடம்

நடைப்பயணத்தின் அன்றாட ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. கோவிலடி, திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி என்று வழி நீண்டது. சித்திரை வெயிலுக்கு அஞ்சிக் காலையிலும் மாலையிலும் நடப்பது. இடைப்பட்ட வேளையில் ஊராருடன் பேசுவது. உப்பைப் பற்றி மட்டும் அவர்கள் பேசவில்லை. கதர் நூற்பதையும், கள்ளை விலக்குவதையும், தீண்டாமையை ஒழிப்பதையும் பேசினர். ஆங்கிலேயன் நமக்குச் செய்யும் அநீதியைக் கண்டிக்கப் புறப்பட்டவர், நாம் நம் சகோதரனுக்குச் செய்யும் அநீதியையும் கண்டிக்க வேண்டியவராயினர்.

இதுவே அந்நடையின் உள்ளார்ந்த நேர்மை என்று நாம் கருதுகிறோம். விடுதலை என்பது மேலே இருப்பவனைக் கீழே இறக்குவது மட்டுமாயின், அது இடமாற்றம், விடுதலை அன்று. கீழே வைக்கப்பட்டவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும்போதுதான் அது அறமாகிறது. அக்கேள்விக்கு அந்நடை முழு விடை கண்டுவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். இன்றும் நம் ஊர்களில், ஏன், நம் கல்லறைத் தோட்டங்களிலும் அக்கேள்வி எழுந்துகொண்டேதான் இருக்கிறது.

அதே வாரத்தின் வேறு நாள்கள்

நாள்தோறும் கணக்கெடுக்கும்போது, பிற இடங்களில் அதே நாள்களில் நடந்தவற்றையும் பார்த்தல் வேண்டும். ஏப்ரல் 14 அன்று ஜவஹர்லால் நேரு கைதானார். ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. அன்றிரவு வங்காளத்தின் சிட்டகாங் நகரில் சூரியா சென் என்பாரின் தலைமையில் இளைஞர்கள் ஆயுதக் கிடங்குகளைத் தாக்கினர். 1916இல் அயர்லாந்தில் உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்து எழுந்த கிளர்ச்சியே அவர்களுக்கு முன்மாதிரி. ஐரோப்பியர் மன்றத்தையும் அவர்கள் குறிவைத்திருந்தனர். ஆனால் பெரிய வெள்ளியாதலால் மன்றம் வெறிச்சோடிக் கிடந்தது. ஏப்ரல் 23 அன்று பெஷாவர் நகரில், நிராயுதபாணிகளான பட்டாணிய மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது, பலர் மாண்டனர். அவ்விடத்தில் சுட மறுத்து நின்றனர் கட்வால் படையினர் சிலர். அதற்காகப் பின்னர் கடுந்தண்டனையும் பெற்றனர்.

இந்த மூன்று காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே வாரம், ஒரே நாடு, ஒரே எதிரி. காவிரிக் கரையில் ஒருவர் சோற்றைப் புதைக்கிறார். சிட்டகாங்கில் ஓர் இளைஞன் துப்பாக்கியைத் தேடுகிறான். பெஷாவரில் துப்பாக்கி வைத்திருந்தவன் அதைத் தாழ்த்துகிறான். சிட்டகாங் இளைஞர்களின் நாட்டுப்பற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுள் பலர் தம் இளமையையே விலையாகத் தந்தனர். ஆயினும் மனிதனைக் கொல்லாமலேயே அநீதியைக் கொல்ல முடியுமா என்ற பழம்பெரும் கேள்விக்கு, ஆம் என்று விடையிறுக்க முயன்றவர்கள் காவிரிக் கரையில் நடந்தோரும், பெஷாவரில் சுட மறுத்தோருமே.

உப்பளத்தில்

உயிர்ப்பின் எட்டாம் நாள் கழிந்த மறுநாள், ஏப்ரல் 28 திங்களன்று, தொண்டர்கள் வேதாரணியத்தை அடைந்தனர். உப்பெடுக்கும் நாளை இராஜாஜி முன்கூட்டியே ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார். மறைந்து செய்வது சத்தியாகிரகம் ஆகாது என்பது அவர்தம் கொள்கை. ஏப்ரல் 30 காலை, தொண்டர் சிலரோடு அகத்தியம்பள்ளியை அடுத்த உப்பளத்துக்குச் சென்று அவர் உப்பை அள்ளினார். உடனே கைது செய்யப்பட்டார். அங்கேயே விசாரணை நடந்து, ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, திருச்சி மத்தியச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பதினெட்டு நாள்களுக்குமுன் எந்நகரிலிருந்து புறப்பட்டாரோ, அந்நகருக்கே கைதியாகத் திரும்பினார்.

தலைவர் சென்றபின் போராட்டம் ஓயவில்லை. அணி அணியாகத் தொண்டர்கள் உப்பளத்துக்குச் சென்றனர்; அடிபட்டனர்; சிறை புகுந்தனர். ருக்மிணி லட்சுமிபதி அம்மையார் வேதாரணியத்தில் சட்டத்தை மீறிச் சிறை சென்று, சென்னை மாகாணத்தில் உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறைப்பட்ட முதல் பெண்மணி என்ற பெயர் பெற்றார். வேதரத்தினம் பிள்ளையும் சிறைப்பட்டார். அவருடைய சொத்துகள் பறிமுதலாயின. மக்கள் பின்னர் அவரைச் ‘சர்தார்’ என்றே அழைத்தனர். இளைஞர் காமராஜரும் அவ்வாண்டில் உப்புச் சத்தியாகிரகத்தின்பொருட்டுச் சிறை கண்டார்.

மாவட்டத்தில் அரசின்மீது பற்று என ஒன்று முன்பு இருந்திருந்தால், அது இப்போது மாய்ந்துவிட்டது என்னும் கருத்துப்பட ஆட்சித் தலைவர் தார்ன் மேலிடத்துக்கு எழுதினார். சோறிடுவதைத் தடுக்க எழுதிய அதே கை இதையும் எழுதியது. அச்சத்தால் பணியவைக்கலாம், ஆனால் அச்சத்தால் பற்றை விளைவிக்க முடியாது என்பதை அரசு தன் அலுவலரின் கடிதம் வழியாகவே அறிந்துகொண்டது.

நாவிதர் ஒருவரின் கத்தி

வேதாரணியத்தார் இன்றளவும் சொல்லி மகிழும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. சத்தியாகிரகிகளை வதைக்கும் காவலர்க்குச் சவரம் செய்வதில்லை என்று அவ்வூர் நாவிதர்கள் உறுதி பூண்டனர். வைரப்பன் என்பவர் அவர்களுள் ஒருவர். ஒருநாள், சீருடை அணியாத ஒருவர் அவர்முன் வந்து அமர்ந்தார். பாதிச் சவரம் முடிந்த நிலையில், அமர்ந்திருப்பவர் காவலர் என்பது வைரப்பனுக்குத் தெரியவந்தது. உடனே கத்தியை மடக்கி எழுந்துவிட்டார். பாதி முகத்தோடு காவலர் நீதிபதியிடம் முறையிட்டார். மீதியையும் முடித்துவிடு என்று நீதிபதி ஆணையிட்டார். வைரப்பனோ தம் கருவிப்பெட்டியை நீட்டி, வேண்டுமானால் தாங்களே செய்துவிடுங்கள் என்றாராம். சிறைதான் பரிசு. வேதாரணியத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது.

இதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். நகைப்பு அடங்கியபின் எண்ணிப் பார்க்க வேண்டியதும் உண்டு. கூர்மையான கத்தி ஒன்று பகைவன் கழுத்தருகே இருந்தது. கத்தியைப் பிடித்திருந்தவர், சாதிப் படிநிலையில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஓர் எளிய தொழிலாளி. அவர் கத்தியைப் பயன்படுத்தவில்லை, மடக்கினார். அகிம்சை என்பது ஆயுதம் கிடைக்காதவனின் ஆறுதல் அன்று. ஆயுதம் கையில் இருக்கும்போதே அதை மடக்குபவனின் வலிமை. பெரிய ஏடுகள் விளக்க வேண்டிய இவ்வுண்மையை ஓர் ஊர் நாவிதர் தம் கடையிலேயே விளக்கிவிட்டார்.

கிறிஸ்தவர் எங்கிருந்தனர்?

நம் வாசகர் பலர் இக்கேள்வியை இந்நேரம் எழுப்பியிருப்பர். எழுப்புவது நல்லதே.

தண்டி நோக்கிக் காந்தியடிகளுடன் நடந்தவர்களுள் கேரளத்தைச் சேர்ந்த மார்த்தோமா கிறிஸ்தவரான டைட்டஸ் இருந்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, அரசின் வரிகளும் மக்களின் வறுமையும் எவ்வாறு ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்பதை ஆராய்ந்து எழுதினார்; காந்தியடிகள் சிறைப்பட்டபின் ‘யங் இந்தியா’ இதழின் பொறுப்பை ஏற்றார்; தாமும் சிறைப்பட்டார். இயேசுவின் போதனைகளைப் பற்றிய நூலொன்றையும் அவர் பின்னர் எழுதினார். மதுரைப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் ரால்ஃப் கெய்தான், காந்தியடிகளின் கடிதத்தை வைஸ்ராயிடம் சேர்ப்பித்த ரெஜினால்டு ரெனால்ட்சுக்குத் தம் இல்லத்தில் இடமளித்தார். 1930இல் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஒரு விருந்தினரை ஏற்றுக்கொண்டதே அவர்மீது விழுந்த பழி. கும்பகோணத்துப் பந்துலு ஐயரும் இந்த அமெரிக்கரும் ஒரே ‘குற்றத்தின்’ பங்காளிகள்!

கத்தோலிக்கரைப் பொறுத்தவரை நிலைமை சிக்கலானது. இந்நாட்டு மறைமாவட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஆயர்களின் ஆளுகையில் இருந்தன. இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயராகத் தூத்துக்குடியில் பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் பொறுப்பேற்றது 1923இல்தான். அயல்நாட்டுக் குருக்கள் அரசின் இசைவோடு மட்டுமே இங்கு தங்க இயலும். பள்ளிகளும் மருத்துவமனைகளும் அரசின் உதவியை நாடி நின்றன. இவை காரணங்கள், இவற்றைக் காரணங்களாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், கவசங்களாக அன்று. எதிர்காலத்தில் எவரேனும் நம் காலத்தை ஆராய்ந்து, அவர்கள் ஏன் பேசவில்லை என்று கேட்கும்போதும் இதே போன்ற காரணங்களே கிடைக்கும் என்பதை உணர்ந்தால், நம் முன்னோரைத் தீர்ப்பிடுவதைவிட நம்மை விழிப்பூட்டிக்கொள்வதே பயன் தரும்.

சட்டமும் மனச்சான்றும்

ஆளும் அதிகாரத்துக்குப் பணியவேண்டும் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதியதை அக்காலத்தில் பலர் எடுத்துக்காட்டினர். அது மெய்யே. ஆனால் மனிதர்க்கு அடங்குவதினும் கடவுளுக்கு அடங்குவதே முதன்மை என்று திருத்தூதர்கள் தலைமைச் சங்கத்தின்முன் உரைத்ததும் அதே திருநூலில்தான் உள்ளது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே திருச்சபையின் மரபு.

குருமடத்தில் நாம் பயின்ற தூய தோமா அக்குவினார் இதைத் தெளிவாகவே வகுத்துள்ளார். ஒரு சட்டம் பொதுநன்மையை நோக்கவேண்டும். இயற்றுவோரின் அதிகார எல்லைக்குள் அமையவேண்டும். அதன் சுமை அவரவர் ஆற்றலுக்கேற்பப் பகிரப்படவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் அது நீதிச் சட்டம் ஆகாது. மனச்சான்றைக் கட்டும் வலிமையை இழக்கிறது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே சுமையை ஏற்றும் உப்பு வரியை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டுத் துறவியின் நூலும், 20ஆம் நூற்றாண்டு உப்பளத் தொண்டரின் கையும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

எனினும் அவர் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். மீறுதலால் விளையும் குழப்பம் அநீதியினும் பெரிதாகலாம். அதை எண்ணாமல் மீறலாகாது. இங்குதான் அந்நடையின் ஒழுக்கம் நமக்கு விளங்குகிறது. நாளை முன்னரே அறிவித்தார்கள், வெளிப்படையாக மீறினார்கள், தண்டனையை ஏற்றார்கள், எவரையும் வெறுக்கவில்லை. சட்டத்தை மீறியபோதும் சட்டம் என்னும் கருத்தை அவர்கள் இழிவுபடுத்தவில்லை.

இன்றைய உப்பு

1931 மார்ச் 5 அன்று காந்தியடிகளுக்கும் வைஸ்ராய் இர்வினுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டால், கடற்கரைவாசிகள் தம் வீட்டுத் தேவைக்கு உப்பெடுக்கும் உரிமை பெற்றனர். உப்பு வரி முற்றிலும் நீங்கியது 1947இல். வேதாரணியத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை 1946இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலம் பெண்கல்விக்குத் தொண்டாற்றியது. அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் நிற்கிறது. அன்னை வேளாங்கண்ணியின் திருத்தலத்துக்குச் செல்வோர், அதே கடற்கரையில் தெற்கே சற்றுப் பயணம் செய்தால் அத்தூணையும் காணலாம். அதைச் சூழ வெண்மையாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களையும் காணலாம்.

அவ்வுப்பளங்களில் வெறுங்காலோடு நின்று, கண் கூசும் வெயிலில் உப்பு வாருபவரையும் காணலாம். வரி போயிற்று, வியர்வை போகவில்லை. உப்பு நம் உணவில் கரைந்துவிடுவதால், அதை வாரியவரையும் நாம் மறந்துவிடுகிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொன்னது, பரிமாறியவரை மட்டும் கருதியன்று. விளைவித்தவரையும் கருதியே என்று கொள்வோமாக.

நம் ஊர்த் தெருக்களில் இன்று வேற்றுமொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. கடல் கடந்து அகதிகளாய் வந்தோர் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். அவர்களுக்குச் சோறிடக்கூடாது என்று எந்த ஆட்சித் தலைவரும் நமக்கு ஆணையிடவில்லை. எந்தத் தண்டோராவும் நம் தெருவில் ஒலிக்கவில்லை. தடை ஏதும் இல்லாத காலத்தில் நம் கதவுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன? ஆறு மாதச் சிறை காத்திருந்தும் மரக்கிளையில் சோற்றைக் கட்டிய அப்பெயரற்றவர்கள் நம்மைக் கேட்கும் கேள்வி இதுவே.

உலகிற்கு உப்பாய் இருக்க அழைக்கப்பட்டவர்கள் நாம். உப்பு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை, கரைகிறது, ஆனால் அது இல்லாத உணவை எவரும் உண்பதில்லை. அந்தப் பதினெட்டு நாள்களில் காவிரிக் கரையில் கரைந்துபோன அம்மனிதர்களை நன்றியோடு நினைப்போம். இன்று நம் வீட்டில் உலை வைக்கும்போது, ஒரு பிடி அரிசியைக் கூடுதலாகப் போடுவோம். உண்ண வருபவர் எவர் என்பதை ஆண்டவர் அறிவார்.